கை போன பத்தொன்பது நிமிடங்கள்

அன்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். என் முழங்கால் மட்டும் இந்த வாக்கியத்தில் சேராது. நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆதாரம் கேட்டால் கையில் இல்லை.

அந்த விண்வெளி நாவல்களை வைத்து நீங்கள் திரைக்கதை எழுதிய படத்தை ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சியில் பார்த்துவிட்டோம். என் மகள் முன்பே தொலைபேசியில் சொல்லியிருந்தாள். "அப்பா, வெளிநாட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அந்தக் கை போற காட்சியை வெட்டணும்னு தயாரிப்பாளர் ஒத்தக்கால்ல நிக்கறார். பதினாலு தடவை திருத்தி எழுதின காட்சிப்பா. இவருக்கு சோறே இறங்கல. 'மாமா அந்த நாவலையெல்லாம் கரைச்சுக் குடிச்சவர், அவரே வெட்டலாம்னா வெட்டிடறேன்'னு சொல்றார். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க." இதைக் கேட்டதிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை. வாழ்நாளில் என்னிடம் யாரும் முடிவு கேட்டதில்லை. பால்காரர்கூட "அம்மா இல்லீங்களா?" என்றுதான் கேட்பார்.

ஆகவே முறைப்படி போனேன். கையில் குறிப்பேடு, இரண்டு பேனா. ஒன்று எழுதாவிட்டால் இன்னொன்று. எங்கள் வாசகர் வட்டத்துப் பல் டாக்டரும் வந்திருந்தார். விளக்கை அணைத்ததும் எழுதத் தொடங்கினேன். நாவலில் அந்தக் கோளின் வானம் பச்சை, படத்தில் ஆரஞ்சு. நாவலில் விண்கலத்தின் கணிப்பொறி பேசாது, சம்மதம் என்றால் ஒரு விளக்கை எரியவிடும், அவ்வளவுதான். படத்தில் பேசுகிறது, அதுவும் வங்கிக்கு போன் செய்தால் "தயவுசெய்து காத்திருக்கவும்" என்று சொல்லுமே, அந்தக் குரலில். கப்பலின் கிழ மாலுமிக்கு நாவலில் அறுபத்தெட்டு வயது. நீங்கள் போட்டிருக்கும் நடிகருக்கு நரைகூட விலைக்கு வாங்கினதுபோல இருக்கிறது. இப்படி நாற்பத்தேழு குறிப்புகள். பின்வரிசையில் இருந்தவர் குனிந்து, "பெரியவரே, பரீட்சையா எழுதுறீங்க? கூடுதல் தாள் வேணும்னா சொல்லுங்க" என்றார். பக்கத்துப் பெண்மணி சிரித்தார். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இன்னும் சிறியதாக எழுதினேன். இடைவேளையில் வெளிச்சம் வந்தபோது பார்த்தால், இருட்டில் பக்கம் திருப்பாமல் நாற்பத்தேழையும் ஒரே பக்கத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக எழுதியிருக்கிறேன். உழுத வயல்போல இருந்தது. அதில் "கை" என்ற ஒரு சொல்லை மட்டும் படிக்க முடிந்தது. அது போதும் என்று பல் டாக்டர் சொன்னார்.

போதும்தான். ஏனென்றால் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம், மாப்பிள்ளை; ஐந்து நாவல்களை இரண்டேமுக்கால் மணி நேரத்தில் அடக்குவது குடும்பத்தோடு ஒரே ஸ்கூட்டரில் போவது மாதிரி, யாராவது தொங்கத்தான் வேண்டும். கலம் தரையை விட்டு எழும்பும்போது சத்தமே இல்லாமல் விட்டீர்களே, அது நாவலாசிரியரே நினைத்திராத அழகு. ஆனால் அந்தப் பத்தொன்பது நிமிடங்கள்! மூன்றாம் நாவலின் உயிரே அங்கேதான் இருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் நூலகத்தின் பைண்டிங் பிரிவில் அந்தப் புத்தகத்தைக் கட்டியவன் நான். பசை காயும்வரை இரண்டு பக்கம் பார்ப்போம் என்று எடுத்து, அன்று வீட்டுக்கே போக மறந்தேன். ஒரு பக்கத்தின் கடைசி வரி: "கதவு மூடத் தொடங்கியது. அவன் வலது கையை நீட்டினான்." அடுத்த பக்கத்தின் முதல் வரி: "அந்தக் கை இல்லாமல் ஏழு ஆண்டுகள் பழகிவிட்டது." நடுவில் ஒன்றுமே இல்லை! எந்த ஆசிரியருக்கு இந்தத் துணிச்சல் வரும்? மாலுமி விடைபெறக் கையசைக்கிறான், கை போகிறது, எப்படி என்று சொல்லமாட்டேன் என்கிறார். அந்த மௌனத்தைப் பற்றி இருபத்திரண்டு பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதி வாசகர் வட்டத்தில் ஒன்பது முறை படித்திருக்கிறேன். பல் டாக்டர் ஒன்பது முறையும் கண்கலங்கினார்.

அந்த மௌனத்தில் நீங்கள் பத்தொன்பது நிமிடம் ஓட்டமும் கூச்சலுமாக நிரப்பியிருக்கிறீர்கள். "மாமா, அது புத்தகத்துலயே இருக்கு" என்று சென்ற வருடம் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. அப்போது மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டேன். நீங்கள் படித்தது கடையில் கிடைக்கும் புதிய பதிப்பு. புத்தகம் தடிமனாக இருந்தால்தான் விற்கும் என்று பதிப்பாளர்கள் எவனையோ விட்டு எழுதிச் சேர்த்த இடைச்செருகல் அது. நம் பழைய நூல்களுக்கே நேர்ந்த கதிதானே.

உங்கள் அத்தைக்கு இலக்கியப் பயிற்சி கிடையாது. படம் முடிந்து படியிறங்கும்போது கேட்டாள்: "கை போச்சுன்னா எப்படிப் போச்சுன்னு மனுஷனுக்குத் தோணாதா? நாப்பது வருஷமா உங்க வட்டத்துல ஒருத்தர்கூடவா கேக்கல?"

"கேட்காமலிருப்பதுதான் ரசனை" என்றேன்.

"நல்ல ரசனை. நம்ம வீட்டுல குழாய் ஒழுகினப்பவும் இப்படித்தான் மூணு மாசம் ரசிச்சீங்க" என்றாள்.

எனவே, பலமுறை யோசித்து, என் தகுதியின்மை பற்றிய முழு உணர்வோடு சொல்கிறேன்: அந்தக் காட்சியை வெட்டிவிடலாம். பதினான்கு முறை எழுதிய உழைப்பு வீணாகிறதே என்று எனக்கும் வருத்தம்தான். தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். எடுத்துக்கொண்டால் அதுவும் நியாயமே.

என் மகளுக்கு எங்கள் ஆசி. உங்கள் பேனாவுக்கு நீண்ட ஆயுள் உண்டாகட்டும், வேளாவேளைக்குச் சாப்பிடவும்.

இப்படிக்கு,
தங்கள் நலம் விரும்பும் மாமா

பின்குறிப்பு: மேலே உள்ளதெல்லாம் செவ்வாய்க்கிழமை எழுதியது. இது புதன். அந்த இரண்டு வரிகளையும் நினைவிலிருந்து எழுதியிருக்கிறோமே, ஒரு சொல் பிசகினாலும் மாப்பிள்ளையின் உழைப்பு விஷயமாயிற்றே என்று, சரிபார்க்க இன்று காலை நூலகம் போனேன். புத்தகத்தை எடுத்துத் தந்த நூலகர் அம்மையாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ஐயா, உக்காருங்க. தண்ணி குடிங்க" என்றார். குடித்தேன். உள்ளே போய் இன்னொரு புத்தகத்தைக் கொண்டுவந்தார். கோழி வளர்ப்பு. அதையும் அதே வாரத்தில் நான்தான் கட்டியிருக்கிறேன்.

அச்சகத்தில் ஒரு பாரம் என்றால் பதினாறு பக்கம். மூன்றாம் நாவலின் ஒரு பாரம் முழுதாகக் கோழி வளர்ப்பின் நடுவே இருக்கிறது. "நோயுற்ற கோழியைத் தனியே பிரித்து வைத்த பின்" என்று ஒரு பக்கம் முடிகிறது. அடுத்த பக்கம் "எங்கும் அபாயச் சங்கு ஒலித்தது" என்று தொடங்குகிறது. நாவலில் பக்க எண்ணைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கலாமே என்பீர்கள். ஓரம் செல்லரித்திருந்ததால் கட்டிங் மெஷினில் கொடுத்து அடிப்பக்கத்தை எண்களோடு நறுக்கியவனும் நான்தான்.

"எத்தனை வருஷமா தெரியும்?" என்று கேட்டேன்.

"எனக்கு முன்னாடி இருந்தவருக்கே தெரியுங்க. ஐயா மனசு கஷ்டப்படும்னு யாரும் சொல்லல. கோழிப்பண்ணைக்காரர் ஒருத்தர் வருஷா வருஷம் வந்து கேட்டுட்டுப் போறார், அந்தக் கப்பல்காரர் அப்புறம் பொழைச்சாரா இல்லையான்னு."

கோழிப்பண்ணைக்காரருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, மாப்பிள்ளை.

அங்கேயே நின்றுகொண்டு பதினாறு பக்கமும் படித்தேன். நீங்கள் ஒரு சொல் கூட்டவில்லை. அவன் விடைபெறக் கை நீட்டவில்லை. வெளியே இன்னும் ஒரு மெக்கானிக் பெண் ஓடி வந்துகொண்டிருக்கிறாள். கதவை நிறுத்தத்தான் கை நீட்டியிருக்கிறான். எனக்கு நாற்பது ஆண்டுகளாகத் தோன்றியதெல்லாம் கையசைப்பது ஒன்றுதான். கதவைப் பிடிக்கலாம் என்று தோன்றவே இல்லை. வெட்ட வேண்டாம். எந்தக் காரணம் கொண்டும் வெட்ட வேண்டாம். தயாரிப்பாளர் கேட்டால் கோழிப்பண்ணைக்காரரைச் சாட்சிக்கு அழைத்து வருகிறேன். வாசகர் வட்டத்தில் நாளை அந்தப் பதினாறு பக்கத்தையும் நானே படிக்கப் போகிறேன். பல் டாக்டரை நினைத்தால்தான் கலக்கமாக இருக்கிறது.

இன்னொரு பின்குறிப்பு: கடிதம் வெள்ளிக்குள் வந்து சேராவிட்டால் என்ன செய்வது என்று கூடத்தில் நடந்துகொண்டிருந்தேன். உங்கள் அத்தை என்னவென்று கேட்டாள். சொன்னேன். "ஞாயித்துக்கிழமையே தியேட்டர் வாசல்லேந்து மாப்பிள்ளைக்கு போன் பண்ணிட்டேனே. 'மாமாகிட்டேயிருந்து ஒரு கடிதாசி வரும், நீளமா இருக்கும். அதைப் படிச்சுட்டு எதையும் வெட்டித் தொலைக்காதீங்க, நான் அந்த இடத்துலதான் அழுதேன்'னு சொன்னேன். சரிங்க அத்தைன்னார்" என்றாள். அப்படியானால் நீங்கள் மூன்று நாளாகச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள். மகிழ்ச்சி.

அவளிடம் "நீ சொன்னதுதான் சரி" என்று சொல்ல வேண்டியிருந்தது. திருமணமாகி இத்தனை ஆண்டுகளில் அந்த வாக்கியம் பழக்கமில்லாததால், இந்தக் கடிதத்தை முதலிலிருந்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "முன்னாடி இருக்கறதையெல்லாம் வெட்டிட்டு அந்தக் கோழி விஷயத்தை மட்டும் அனுப்புங்க. அதுதான் நல்லா இருக்கு" என்றாள்.

கத்தரிக்கோலை எடுத்தேன். மனம் வரவில்லை. அப்படியே அனுப்புகிறேன்.