வடிகால் வைத்த பூட்ஸ்

தண்ணீர் புகாத ரப்பர் பூட்ஸ் ஒன்றை, காலுக்கு இதமாகவும் நன்றாக மடங்கும்படியாகவும் செய்ய வேண்டும் என்பது அப்படியொன்றும் பெரிய கோரிக்கை இல்லை. கால் எங்கே மடங்குகிறதோ அங்கே பூட்ஸும் மடங்கினால் தீர்ந்தது விஷயம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ரப்பர் பூட்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக அச்சு செய்கிறவன் அப்படி நினைக்கக்கூடாதா என்ன?

நான் இதில் போய் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் என் தங்கை வீட்டுக்காரர். வடிகால் துறையில் வேலை பார்க்கிறார். மழைநீர் வாய்க்கால் ஆற்றில் போய்ச் சேரும் இடத்தில் ஒரு கம்பி வலை இருக்கிறது. ஊர்க்குப்பை மொத்தமும் வந்து அதில்தான் அடைக்கும். மாப்பிள்ளை தண்ணீரில் இறங்கி, முட்டியை மடக்கிக் குனிந்து, அதையெல்லாம் இழுத்து வெளியே போடவேண்டும். துறை கொடுத்த பூட்ஸோ இரும்புக் குழாய் மாதிரி விறைப்பானது. குனிந்தால் குதிகாலை அறுக்கும், மேலே விரிசல் வழியாகத் தண்ணீரும் வரும். இரண்டு காலிலும் புண்.

ஒருநாள் தங்கை நேரே என் பட்டறைக்கே வந்துவிட்டாள்.

"அண்ணா, இந்தப் புண்ணு இன்னொரு மழைக்காலம் தண்ணியில ஊறினா ரெண்டு விரலை எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். ஊருக்கெல்லாம் பூட்ஸ் செய்யறே. இவருக்கு ஒரு ஜோடி செய்ய உனக்குக் கை வராதா?"

சுருக்கென்றது. அன்றைக்கே மாப்பிள்ளை காலை அளந்தேன். பதினோரு நாள் உட்கார்ந்து, தொடை வரை ஏறுகிற மாதிரி ஒரு ஜோடி செய்தேன். கணுக்காலில் மூன்று மடிப்பு, முட்டியில் இரண்டு, குதிகாலுக்கு உள்ளே மெத்தென்று ஒரு பட்டை. மாப்பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி, பத்துத் தடவை குனிந்து நிமிர்ந்தார். வெளியே வந்து கழற்றினால் பாதம் காய்ந்து கிடக்கிறது!

"மச்சான், கால்ல என்னமோ போட்டிருக்கேன்னே தெரியல" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், சொல்வதில் என்ன வெட்கம்?

ஆனால் துறையின் முத்திரை இல்லாத பூட்ஸோடு வாய்க்காலில் இறங்கினால் அன்றைக்கு ஆப்சென்ட். ஆகவே முத்திரை வாங்குவதற்காக, முதலாளியின் கடிதமும் பூட்ஸ் ஜோடியுமாக வடிகால் துறையில் பொருள்களின் தரம் பார்க்கும் அதிகாரி முன்னால் போய் நின்றேன். நல்ல மனிதர்தான். தண்ணீரைக் கோப்பில் மட்டும் பார்த்தவர். பக்கத்தில் அவருடைய உதவியாளர். வாயைத் திறந்தால் 'ஆமாங்க சார்' என்றுதான் வரும் என்பதால் அதுவே அவருக்குப் பேராகிவிட்டது.

விதிப்படி பூட்ஸுக்குள் காலுக்கு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, அலமாரிக் கம்பியில் மூன்று நாள் தொங்கவிட்டார்கள். ஒரு சொட்டு கசியவில்லை. நான் பூரித்துப் போய் நின்றேன். அதிகாரியின் முகமோ வாடியிருந்தது.

"ஏம்பா, தண்ணி எப்படி வெளிய போகும்?"

"போகாது சார். அதுக்குத்தானே..."

"அதைத்தான் கேக்கறேன். ஊத்தின தண்ணி மூணு நாளா அங்கேயே நிக்குது. கொசு வராதா?"

"ஆமாங்க சார், வந்துடுச்சு. உள்ளே நாலஞ்சு புழு நெளியுது" என்றார் ஆமாங்க சார்.

"சார், தண்ணி தானா உள்ளே போகாது. நீங்க ஊத்தினதால போச்சு."

"நான் ஊத்தலன்னா வேற யாராச்சும் ஊத்துவாங்க. இது என்ன துறை?"

"வடிகால் துறை சார்."

"வடிகால் துறை தர்ற பொருளுக்கே வடிகால் இல்லன்னா மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்றது? பாலத்துக்கு வடிகால் இருக்கு. கட்டடத்துக்கு இருக்கு. இதோ, என் மேஜை மேல இருக்கிற பூந்தொட்டிக்குக்கூட இருக்கு!"

பூந்தொட்டியைத் தூக்கி அடியில் இருந்த ஓட்டையைக் காட்டினார். ஈரமண் கோப்பின் மேல் விழுந்தது. பிறகு அந்தக் கோப்பிலேயே எழுதினார்: 'மேற்படி காலணியினுள் புகும் நீர் தங்குதடையின்றி வெளியேறும் பொருட்டு, காலொன்றுக்கு எட்டுத் துளைகள் வீதம் அமைத்து மறுபடி சமர்ப்பிக்க ஆணையிடப்படுகிறது.'

"ஓட்டை போட்டா தண்ணி உள்ளே வருமே சார்!"

"வரட்டுமே. அதான் வெளிய போக வழி இருக்கே."

இதற்கு என்ன பதில் சொல்வது? இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் முதலாளி யோசிக்கவே இல்லை. "எட்டு என்ன, பத்து கேட்டாலும் போட்டுக் குடு" என்றார். முதலில் முத்திரை கிடைக்கட்டும், ஓட்டையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் வேறொரு ஜோடி செய்து அதில் போட்டேன். அங்கேதான் நான் சறுக்கினேன்.

அடுத்தது சொகுசுப் பரிசோதனை. அதைப் பயன்படுத்துபவர்தான் செய்யவேண்டும் என்பது விதி. பயன்படுத்துபவர் என்றால் பொருளைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுபவர் என்பது அதே விதியின் விளக்கம். கையெழுத்துப் போடுபவர் அதிகாரி. ஆகவே அதிகாரி பூட்ஸை மாட்டிக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே சாய்ந்து உட்கார்ந்தார்.

"சார், மாப்பிள்ளை வெளியிலதான் நிக்கறார். அவர் காலுக்கு ஒரு தடவை..."

"அவர் கையெழுத்துப் போடற ஆள் இல்லையேப்பா. வெறும் கால்தானே அவரோடது?" என்றவர், காலை நீட்டி மடக்கினார். "பேஷ், நல்லா மடங்குது. ஆனா எதுக்கு இவ்வளவு உயரம்? தொடையில இடிக்குது."

"வெள்ளத்துல இறங்கறதுக்கு சார்."

"நாற்காலியில ஏதுய்யா வெள்ளம்?"

"ஆமாங்க சார்" என்றார் ஆமாங்க சார்.

உயரம் கெண்டைக்காலுக்கு இறங்கியது. ரப்பர் மெலிந்தது. நிறம் மஞ்சள் ஆனது. முத்திரை விழுந்தது. முத்திரை விழுந்த அன்றே பழைய பூட்ஸையெல்லாம் வாங்கித் துண்டு துண்டாக வெட்டிப் போட்டார்கள். மாப்பிள்ளை அளவுக்கு நான் செய்த முதல் ஜோடியை மட்டும் துடைத்து, 'முதல் மாதிரி' என்று சீட்டு ஒட்டி, அலுவலக வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். சாவி அதிகாரியிடம்.

அதிகாரிக்குப் புது பூட்ஸ் ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. கடைத்தெருவுக்கும் அதிலேயே போனார். அவர் மனைவி ஒரு ஜோடி கேட்டார். அதைப் பார்த்து எதிர்வீட்டு டாக்டர் அம்மா கேட்டார். அவ்வளவுதான், ஊரே பற்றிக்கொண்டது! வங்கிக்காரர், வக்கீல், முடிவெட்டுகிறவர், எல்லார் காலிலும் மஞ்சள் பூட்ஸ். துளை வழியாகப் பாதம் மூச்சு விடுகிறது என்று பத்திரிகையில் எழுதினார்கள். எழுதியவர் பாதத்துக்கு மூக்கைத் தேடியிருப்பார் போலும். முதலாளி என் கையெழுத்தையே அடிப்பாகத்தில் அச்சாக வைத்தார். எனக்கும் தலைகால் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தெருவில் போகிறவர்கள் காலை எடுத்து வைக்கும்போது, என் கையெழுத்து தெரிகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தேன்.

இரண்டு மாதத்தில் பச்சை வந்தது. மஞ்சள் போடுகிறவர்களை ஊர் ஒரு மாதிரியாகப் பார்த்தது. எல்லாரும் மஞ்சளைத் தூக்கி எறிந்துவிட்டுப் பச்சைக்கு மாறினார்கள்.

இதற்கிடையில் ஒரு அம்மாள் பச்சை பூட்ஸோடு தெருக்குழாய்த் தண்ணீரில் கால் வைத்துவிட்டு, கடையில் வந்து காச்மூச்சென்று கத்தினார். முதலாளி உடனே ஒரு வரி அச்சடித்து ஒட்டினார்: 'தண்ணீரில் இறங்க உகந்ததல்ல.' அதை வடிகால் துறையும் படித்தது. ஊழியர்கள் பணியின்போது அங்கீகரிக்கப்பட்ட பூட்ஸை அணிந்தே தீரவேண்டும், அங்கீகரிக்கப்பட்ட பூட்ஸை எக்காரணம் கொண்டும் தண்ணீரில் இறக்கக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டது.

மாப்பிள்ளையும் மற்ற எட்டுப் பேரும் பச்சை பூட்ஸ் மாட்டிக்கொண்டு வாய்க்கால் கரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கரைக்கு வந்த தங்கை, "புண்ணு ஆறிடுச்சு அண்ணா!" என்றாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வாய்க்காலைத்தான் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஒரே பகலில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். ஊர் ஜனம் நம்பிக்கையோடு பச்சை பூட்ஸில் இறங்கியது. நானும் இறங்கினேன். பதினாறு துளையிலும் ஜில்லென்று வந்தது பாருங்கள், என் கையெழுத்தை அப்போதே அழித்துவிடலாமா என்றிருந்தது.

தங்கை வீட்டுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. மாப்பிள்ளை கடப்பாரையோடு என்னிடம் வந்தார். "மச்சான், வலையில அடைச்சிருக்கு. யாராவது இறங்கினாத்தான் வடியும். அந்தக் கண்ணாடிப் பெட்டியில இருக்கிறதைக் குடுக்கச் சொல்லுங்க, நான் இறங்கறேன்."

இருவரும் அலுவலக வாசலுக்குப் போனோம். அங்கிருந்து அதிகாரிக்குப் போன் போட்டேன். "சார், முதல் மாதிரியை எடுக்கணும். சாவியோட வர முடியுமா?"

"எப்படிப்பா வருவேன்? வாசல்லயே முழங்கால் தண்ணி. பூட்ஸைப் போட்டு இறங்கினேன், உள்ளே வந்துடுச்சு."

"வெளிய போச்சா சார்?"

"போச்சு, போச்சு. அதெல்லாம் நல்லாவே போச்சு. ஆனா வந்துக்கிட்டே இருக்கே!"

நான் போனை வைப்பதற்குள் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளை தன் அளவு பூட்ஸைத் தொடை வரை இழுத்துவிட்டுக்கொண்டு வலைக்குப் போனார். முட்டியை மடக்கிக் குனிந்தார். பூட்ஸும் கூடவே மடங்கியது. கையை விட்டு இழுத்துக் கரையில் எறிந்தார். முதலில் ஒரு மஞ்சள் பூட்ஸ், பிறகு இன்னொன்று, பிறகு வந்ததெல்லாமே மஞ்சள் பூட்ஸ்! கரையில் குவிந்ததைப் பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. பாதிப்பேர் தங்கள் பூட்ஸை அடையாளம் கண்டுகொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வடிந்தது. மாப்பிள்ளை கரையேறி உட்கார்ந்து கழற்றிக் காட்டினார். பாதம் காய்ந்திருந்தது.

அதிகாரி வந்தார். முதலில் கண்ணாடியைப் பார்த்தார், அப்புறம் மாப்பிள்ளையை. முதல் மாதிரியைத் தடயப் பொருளாக எடுத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். மாப்பிள்ளை கையில் ரசீதோடு, வெறுங்காலில், சேற்றில் நடந்து வீட்டுக்குப் போனார். கூட்டம் கைதட்டியது. அந்த பூட்ஸை ஏன் பிடுங்கினீர்கள் என்று ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

மறுவாரம் அறிக்கை வந்தது. 'வெள்ளத்தின்போது அங்கீகரிக்கப்பட்ட காலணிகளுள் புகுந்த நீர் முழுவதும் உடனுக்குடன் வெளியேறியமை பொதுமக்கள் கண்கூடாகக் கண்டதாகும்.' அதில் பொய் ஒன்றும் இல்லை. அன்றைக்கு ஊரில் ஒழுங்காக வேலை செய்த வடிகால் அது ஒன்றுதான். வடிவமைத்தவர் என்ற இடத்தில் கையெழுத்துக் கேட்டார்கள், போட்டேன். ஆகவே இனி அதே பூட்ஸோடு தண்ணீரில் இறங்கலாம், இறங்கியே ஆகவேண்டும் என்று புதுச் சுற்றறிக்கை பிறந்தது.

மூன்றாம் நாள் தங்கை வந்தாள். "அண்ணா, புண்ணு திரும்பிடுச்சு." நான் போட்ட கையெழுத்து அவளுக்கும் தெரியும். எனக்கு அவமானமாக இருந்தது.

உட்கார்ந்தேன். எட்டும் எட்டும் பதினாறு சின்ன ரப்பர் அடைப்பான்கள் செய்தேன். துளையில் வைத்து அழுத்தினால் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். ஒரு சொட்டு போகாது. அதற்கும் முத்திரை வேண்டுமே! எடுத்துக்கொண்டு போனேன். அதிகாரி ஒன்றை விரலிடுக்கில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"வேலைப்பாடு அருமை. ஆனா அடைப்பை நீக்கறதுதானேப்பா நம்ம துறை? நாமளே அடைப்புக்கு எப்படி அனுமதி குடுக்கறது?"

"சார், அவர் விரல் போயிடும் சார்."

அதிகாரி உண்மையாகவே வருத்தப்பட்டார். பேனாவைத் திறந்தார், கொஞ்ச நேரம் யோசித்தார், முகம் மலர்ந்தது.

"ஒண்ணு செய். நடுவுல சின்னதா ஒரு துளை வச்சுக் குடு. உடனே முத்திரை போடறேன்."

"ஆமாங்க சார்" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். ஆமாங்க சார் அன்றைக்கு லீவு. சொன்னது நான்தான்.

அடைப்பான் நாலு நிறத்தில் கடைக்கு வந்துவிட்டது. நேற்று வாசலில் வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. நீலத்துக்குத்தான் அடிதடியாம். உங்களுக்கு ஒரு செட் எடுத்து வைக்கச் சொல்லட்டுமா?