மாமா குசினிக்குள் குளித்த நாள்

தரம் எட்டு மாணவர்களுக்கு நீரின் அமுக்கத்தைப் படிப்பிக்கிற ஒருத்தி சமைக்கும் குசினியில் தண்ணீர் நூல் போல வந்தால், அதை வெளியில் சொல்ல முடியுமா? நான் சொல்லவில்லை. இரண்டு மாதமாகக் குழாயின் கீழ் குடத்தை வைத்துவிட்டு, அது நிறைவதற்குள் ஒரு வகுப்பின் கொப்பிகளைத் திருத்தி முடித்தேன். (சரி, அரை வகுப்பு.)

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான்; கட்டுகிறவர் அவள் வீட்டுக்குத்தான் வந்து இருப்பார். கடற்கரையில் அப்பா எனக்கென்று கட்டிய வீட்டைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. ஆகவே நானும் குமரனும் விரும்புகிறோம் என்று தெரிந்ததும், களுதாவளையில் இருந்த அவருடைய அப்பா, எனக்கு மாமாவாக வரவேண்டியவர், ஒரே வசனத்தில் கதையை முடித்தார்.

"வீடில்லாத பொண்ணக் கட்டிப்போட்டு என்ட மகன் எங்க போய் இருக்கிற?"

கல்யாணத்துக்கு வந்தார். சாப்பிட்டார். என்னோடு மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று வருடம் அப்படியே போயிற்று. பிறகு கல்லடியில் எங்களுக்கு நிவாரண வீடு கிடைத்தது, நாட்டில் சண்டையும் முடிந்தது. ஒரு சனிக்கிழமை காலை, வீட்டைப் பார்க்க மாமா பஸ்ஸில் வந்து இறங்கினார்.

சுவரைத் தட்டினார். கூரையை அண்ணாந்து பார்த்தார். குசினிக்குள் வந்து கை கழுவக் குழாயைத் திறந்தார். காத்திருந்தார். பிறகு மகனிடம் (என்னிடமல்ல) சொன்னார்:

"வீடு புதுசுதான். தண்ணிக்குத்தான் வயசு போயிற்று."

குமரன் சிரித்துக்கொண்டு மீன் வாங்கப் போனார். மாமா துவாயோடு குளியலறைக்குள் போனார். அங்கே தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம்தான் என்னைக் கெடுத்தது. ஒரே தண்ணீர்த் தாங்கி, ஒரே உயரம். அங்கே அருவி, இங்கே நூல். ஏன்? பிழை குசினிக்கு வரும் குழாயில்தான் எங்கோ இருக்க வேண்டும். மாமா குளித்து வருவதற்குள் கண்டுபிடித்துவிட்டால்? மானம் திரும்பி வரும்!

பக்கத்து வீட்டில் தோணி எஞ்சின் பூட்டுகிற பெரிய ஸ்பனரை இரவல் வாங்கினேன். தாங்கியின் கீழே இரண்டு வால்வுகள் இருந்தன. எது எங்கே போகிறது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. யோசித்து ஒன்றை இறுக மூடினேன். குசினியில் நூல் நிற்கவில்லை. 'குழாயில் மிஞ்சிய தண்ணீர் வடிகிறது' என்று எனக்கு நானே விளக்கம் சொன்னேன். (இதையே ஒரு மாணவன் எழுதியிருந்தால் முட்டை போட்டிருப்பேன்.)

ஸ்பனரைப் பிடித்து முழுப் பலத்தோடு திருகினேன். குழாய் சுவரிலிருந்து கழன்று கைக்கு வந்தது. அதன் பின்னாலேயே தண்ணீரும் வந்தது. என் காதை உரசிக்கொண்டு பாய்ந்து, எதிர்ச் சுவரில் மோதி, மிளகாய்த்தூள் போத்தலை விழுத்தியது.

வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்: ஓடிப்போய் வால்வை மூட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. 'அப்படியென்றால் சுவருக்குள் போகும் குழாயில் பிழையே இல்லை' என்று மகிழ்ந்து போய் நின்றேன். கையிலிருந்த குழாயின் வாயைப் பார்த்தேன். உள்ளே ஒரு சின்ன வலை, மண்ணால் அடைத்துக் கிடந்தது.

அப்போதுதான் குளியலறைக் கதவு திறந்தது.

இடுப்பில் சாரம், தலை முதல் முழங்கால் வரை சவுக்கார நுரை. இரண்டு கண்களையும் இறுக மூடியபடி, சுவரைத் தடவித் தடவி, தண்ணீர்ச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு மாமா குசினிக்குள் வந்தார். நான் மூடியது குளியலறை வால்வு! சத்தம் போடப் போகிறார், அடுத்த பஸ்ஸில் ஏறப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ நேரே போய் அந்தப் பாய்ச்சலுக்கு முன்னால் நின்றார். தலையை நீட்டினார். திரும்பினார்.

"மாமா... இந்தா ஓடிப்போய் மூடிட்டு வாறன்!"

"மூடிராத மகள். முதுகு இன்னும் கிடக்கு."

மகள்! மூன்று வருடத்தில் என்னோடு பேசிய முதல் வார்த்தைகள் அவை. கையில் குழாயோடு, கணுக்கால் தண்ணீரில், அவர் முதுகு கழுவி முடியும்வரை அசையாமல் நின்றேன்.

அந்த நேரம் பார்த்து குமரன் மீன் பையோடு வாசலில்.

"அப்பா! என்ன செய்றீங்க?"

"குளிக்கிறன். தெரியல்லயா? போய்த் தண்ணிய மூடு."

தலை துவட்டியதும் மாமாதான் முதலில் கேட்டார். "என்னத்த மகள் தேடின நீ?" குழாயின் வாயைக் கையால் திருகினேன். சுகமாகக் கழன்று வந்தது. (ஸ்பனர் தேவையே இல்லை. வால்வும்தான்.) வலையைத் தட்டில் தட்டினோம். மணல், பிளாஸ்டிக் சீவல்கள், அரிசியளவில் ஒரு ஊரிச் சிப்பி. இரண்டு பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்தோம். மாமா சிப்பியை நகத்தால் புரட்டினார்.

"இந்தச் சின்னப் பொடிச்சிதானா மறிச்சுக்கொண்டு இருந்தது?"

வலையைக் கழுவிக் குழாயைத் திரும்பப் பூட்டியது அவர்தான். தண்ணீர் கொட்டியது.

களுதாவளைக்குப் போய் அவர் என்ன சொன்னாரோ, இன்றைக்கும் அங்கிருந்து எந்தச் சொந்தக்காரர் வந்தாலும் கதிரையில் உட்காருவதற்கு முன்பே, "மருமகள்ட வீட்டில குசினிக்குள்ளயும் குளிக்கலாமாமே, எங்க பாப்பம்?" என்று கேட்கிறார்கள். கூட்டிப்போய்க் காட்டுகிறேன். நான் குழாயில் கை வைத்ததும் எல்லோரும் ஓரடி பின்னால் போய் நிற்கிறார்கள்.