கை விழுந்தால் முட்டை

"அலர்ஜியா? ஏழே தட்டு! இன்றே முழு முட்டை!"

வாசலில் இப்படி ஒரு பேனர். மாடிப்படி முழுக்கச் செருப்பு. ஹாலுக்குள் தும்முகிறவர்கள், சொறிகிறவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கிறவர்கள் என்று இருநூறு பேர்.

நானும் அந்த வரிசையில் நின்ற அறிவாளிதான். தூசி பட்டால் எனக்குத் தும்மல். போன வாரம் இந்த ஹாலில் வைத்தியம் பார்க்கிற ஐயா என் முதுகில் ஏழு தட்டுத் தட்டினார். தும்மல் நிற்கவில்லை, முதுகுவலி மட்டும் கூடுதலாக வந்தது. அப்படியும், "பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க, ஐயா கைராசிக்காரர்" என்று தங்கச்சி வீட்டுக்காரரிடம் சொன்ன புண்ணியவான் நானேதான்.

தங்கச்சி மகளுக்கு ஐந்து வயது. ஒரு வயதில் முட்டை ஊட்டியபோது முகம் வீங்கி, மூச்சு இரைத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இப்போது டாக்டர் படிப்படியாகப் பழக்குகிறார். முட்டை போட்டு நன்றாக வெந்த பிஸ்கட்டில் முதலில் ஒரு துணுக்கு. சில வாரம் ஒன்றும் ஆகவில்லையென்றால் இன்னும் கொஞ்சம். அதன்பிறகு கேக்கில் நகத்தளவு. அவித்த முட்டையெல்லாம் ரொம்ப மேலே இருக்கும் படி. தன்னைக் கேட்காமல் ஒரு படிகூடத் தாண்டக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மாப்பிள்ளைக்குப் பொறுமை போய்விட்டது. "எட்டு மாசமா துணுக்கு, நகம்னு அளந்துட்டு இருக்கோம். ஐயா ஒரே நாள்ல முடிச்சுடுறாரு!" அன்று காலையே ஒரு முட்டையை அவித்து, உரித்து, சாப்பாட்டு மேசையில் மூடி வைத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

தங்கச்சி லிஃப்ட் மெக்கானிக். விஷயம் தெரிந்ததும் வேலையிலிருந்து டூல் பையோடு நேராக ஹாலுக்கு வந்துவிட்டாள்.

"ஏங்க, புதுக் கயிறு மாட்டினா நேரா பத்துப் பேரையா ஏத்துறேன்? முதல்ல காலியா ஓட்டுவேன். அப்புறம் எடைக்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவேன். ஆளெல்லாம் அதுக்கப்புறம்தான். நம்ம பிள்ளை லிஃப்டைவிட மட்டமாப் போச்சா?"

"இத்தனை பேர் முட்டாளா?" என்றார் மாப்பிள்ளை. அவள் இருநூறு பேரையும் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

எங்கள் முறை வந்தது. ஐயா வெள்ளைக் கோட்டில் இருந்தார். கோட்டுக்கும் படிப்புக்கும் சம்பந்தமில்லை. மேசையில் ஒரே மாதிரி ஐந்து சின்னப் பாட்டில்கள்: முட்டை, பால், கோதுமை, மீன், வேர்க்கடலை. பிள்ளையின் இடது கையில் 'முட்டை' பாட்டிலைக் கொடுத்தார். வலது கையை நீட்டச் சொல்லி அமுக்கினார். கை தொப்பென்று விழுந்தது.

"பாத்தீங்களா? முட்டை ஆகாதுன்னு உடம்பே பேசுது! இப்ப ஏழு தட்டு. வீட்டுக்குப் போய் முழு முட்டை குடுங்க."

இங்கேயே கொடுக்கக் கூடாதாம், வீட்டில்தானாம். ஏன்? மூச்சுத் திணறினால் உங்கள் வீட்டில் திணறட்டும், அவர் ஹாலில் எதற்கு?

"ஒரு நிமிஷம்" என்றாள் தங்கச்சி. பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்து ஐந்து பாட்டிலின் பெயரையும் சுற்றி மறைத்தாள். பைக்குள் போட்டுக் குலுக்கினாள். "உடம்புதானே பேசுது? லேபிள் இல்லாமலும் பேசட்டும்."

"சந்தேகப்படுறவங்க நின்னா சக்தி ஓடாதும்மா."

"சரி, நான் வெளிய போறேன். அண்ணே, நீ நம்புறவன்தானே? நீயே எடுத்துக் குடு."

"காட்டுங்க ஐயா! அந்தப் பொண்ணு வாயை அடைங்க!" என்று கூட்டம் கத்தியது. கத்தின கூட்டம்தான் ஐயாவை மாட்டிவிட்டது.

நான் ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். எது எது என்று எனக்கும் தெரியாது. இரண்டாவதுக்குக் கை விழுந்தது. "இதுதான் முட்டை!" என்றார். கைதட்டல் காதைப் பிளந்தது. டேப்பை உரித்தேன். கோதுமை. பிள்ளை தினமும் தின்கிற பிஸ்கட்டே கோதுமைதான். நான்காவதை உரித்தேன், அதுதான் முட்டை. அதற்குக் கை கடப்பாரை மாதிரி நின்றிருந்தது.

"இன்னொரு தடவை" என்றார் மாப்பிள்ளை. அவர் குரல் மாறியிருந்தது. மறுபடி டேப் சுற்றி, குலுக்கி, இன்னொரு தடவையும் பார்த்தோம். இந்த முறை விழுந்தது மீனுக்கு.

பிள்ளை என் சட்டையை இழுத்தாள். "மாமா, இவரு மணிக்கட்டுல அமுக்கினா கை விழுது. முழங்கைகிட்ட அமுக்கினா விழல."

இருநூறு பேரும் பக்கத்தில் இருந்தவர் கையை அமுக்கிப் பார்த்தார்கள். மணிக்கட்டில் விழுந்தது, முழங்கையில் நின்றது. அட, போன வாரம் எனக்கும் அப்படித்தானே அமுக்கினான்!

பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்தாள். "இங்க தட்டிட்டுப் போய் என் பையனுக்கு முட்டை குடுத்தேன். உதடு வீங்கி ஆஸ்பத்திரியில சேத்தோம். என் நம்பிக்கைதான் குறைன்னு இவரு சொன்னாரு. நானும் வெக்கப்பட்டு யார்கிட்டயும் வாயைத் திறக்கலையே!" என்று ஓவென்று அழுதாள். ஐயா கோட்டைக் கழற்றிக்கொண்டே பின்கதவைத் தேடினார். பூட்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மேசையில் இருந்த முட்டையை மாப்பிள்ளையே எடுத்துத் தின்றார். கையையும் வாயையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, டாக்டர் சொன்ன நகத்தளவு கேக்கை வெட்டிப் பிள்ளைக்குக் கொடுத்தார். மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அசையாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை. அவள் இன்னொரு துண்டு கேட்டாள். "டாக்டர் சொல்லட்டும் கண்ணு" என்றார்.

எனக்குத் தும்மல் அப்படியேதான் இருக்கிறது. உங்களை ஒன்றே ஒன்று கேட்கிறேன். லிஃப்ட் கதவு திறந்தால், உள்ளே தரை இருக்கிறதா என்று பார்த்துத்தானே கால் வைக்கிறீர்கள்? சொந்தக் காலுக்குக் கொடுக்கிற அந்த மரியாதையைப் பெற்ற பிள்ளையின் வாய்க்கும் கொடுத்தால் என்ன?