ஒரே அடுப்பில் சமையலும் சலவையும்

நேரத்தை மிச்சப்படுத்தப் போகிறேன் என்று யாராவது கிளம்பினால், நான் மெல்ல எழுந்து வேறு பக்கம் போய்விடுவேன். இளவயதில் நானே அப்படிக் கிளம்பியவன்தான்.

அப்போது பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே லைன் வீட்டில் நானும் நண்பன் முனியாண்டியும் குடியிருந்தோம். இருவருக்கும் ரயில் பட்டறையில் வேலை. எண்ணெய் எடுக்கப் போகும்போதே துடைக்கும் துணியையும் நான் சேர்த்து எடுத்து வந்துவிடுவேன். அதைக் கவனித்த, பட்டறையில் கணக்கெழுதும் கிராணி ஒருநாள், "இவன் மூளைக்காரன்டா!" என்று சொல்லிவிட்டார். (நாலாம் வகுப்போடு நின்றவனிடம் சொல்லக்கூடிய பேச்சா அது?) அன்று முதல் ஒரு வேலையைத் தனியாகச் செய்வதே எனக்குக் கேவலமாகத் தோன்றியது. பல் துலக்கிக்கொண்டே காலில் மாட்டும் சப்பாத்துக்குக் கறுப்பு மை போடுவேன். (பல் வெள்ளையாக இருந்த நாள்கள் குறைவு.)

அந்தச் சமயம் கிள்ளானில் வீராசாமி என்பவர் தம் மகளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணைக் கோயில் திருவிழாவில் தூரத்திலிருந்து பார்த்திருந்தேன். அதன்பிறகு வேறு பெண்ணை நினைக்கவே முடியவில்லை. முனியாண்டிதான் போய்ப் பேசினான். எனக்கு இங்கே சொந்தம் யாருமில்லாததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீராசாமியே வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். பிடித்திருந்தால் கை நனைப்பார். பிடிக்காவிட்டால் சாப்பிடாமலே ரயிலேறிவிடுவார்.

கோழிக்குழம்பைப் பக்கத்து வீட்டு அடுப்பில் முனியாண்டி வைத்தான். சோறு என் பொறுப்பு. இருந்த ஒரே நல்ல வேட்டி அழுக்கு. விடுவேனா? குழாயடியிலிருந்து ஒரே நடையில் இரண்டு பானைத் தண்ணீர். ஒன்று உலைக்கு. இன்னொன்றில் நீலம் கரைத்து, துவைத்த வேட்டியை முக்கி எடுப்பது. சோறு வடித்த கஞ்சியையே வேட்டிக்கும் போட்டுவிடுவது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

குசினி முழுக்கப் புகை. கண்ணைக் கசக்கிக்கொண்டே ஒரு பானையை அடுப்பில் ஏற்றி, மற்றதில் வேட்டியை முக்கி வாளியில் போட்டேன். சோறு வெந்ததும் வாளிக்குள் வடித்த கஞ்சி நல்ல நீலமாக இருந்தது. வேட்டியிலிருந்த நீலம்தான் இறங்குகிறது என்று நினைத்து, பிழிந்து வெயிலில் போட்டேன். வீராசாமி வாசலுக்கு வந்தபோது அதை அரை ஈரத்தோடு கட்டிக்கொண்டு நின்றேன்.

இலையில் முனியாண்டி சோற்றை வைத்தான். கிள்ளான் கடல்நீரை அள்ளி வைத்தது போல நீலமாக இருந்தது.

வீராசாமி இலையையே பார்த்தார். "என்னா சோறு தம்பி இது?"

முனியாண்டி முந்திக்கொண்டான். "கம்பத்துல, கிராமத்துப் பக்கம், மலாய்க்காரங்க ஆக்குற சோறு மாமா. ஏதோ பூ போட்டு ஆக்குவாங்க." (இன்னும் கையே நனையவில்லை, அதற்குள் மாமா!)

அவர் பார்வை இலையிலிருந்து மெல்ல என் இடுப்புக்கு வந்தது. வேட்டியில் திட்டுத்திட்டாக அதே நீலம், ஆங்காங்கே சோற்றுப் பருக்கை.

"வேட்டியையும் அதே பூ போட்டுத்தான் ஆக்குனீங்களா?"

முனியாண்டி பின்வாசல் பக்கம் நகர்ந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. "பானை மாறிப்போச்சுங்க. ரெண்டு வேலையும் ஒண்ணா முடிச்சா நேரம் மிச்சமாகும்னு..." என்று தரையைப் பார்த்துச் சொன்னேன்.

நிமிர்ந்து பார்த்தால், அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் துண்டால் வாயைப் பொத்தியிருந்தார்.

"மிச்சம் பிடிச்ச நேரத்தை எங்க வச்சிருக்கீங்க தம்பி? அதுல போயி ரொட்டி வாங்கிட்டு வாங்க. குழம்பு வாசம் பசியைக் கிளப்புது."

ஓடினேன். ஈர வேட்டி காலைத் தட்டிவிட, பாசார் கடை வரை ஓடி ரொட்டியோடு திரும்பினேன். அவர் ரொட்டியில் கொஞ்சம் பிய்த்துக் குழம்பில் தோய்த்தார். கை நனைந்தது.

ரயிலேறும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "எம்பொண்ணு நல்லா சமைக்கும். நீங்க மட்டும் குசினிப் பக்கம் போயிடாதீங்க."

என் மனைவி அந்த நிபந்தனையை இன்றுவரை தளர்த்தவில்லை. துணி துவைக்கும் கல்லுக்கும் சேர்த்தே தடை. பட்டறையிலிருந்து வந்தால் எனக்கு நேரமோ நேரம். இதையெல்லாம் எழுதுவதே அதில்தான். இதோ, உள்ளேயிருந்து மூத்தவள் கூப்பிடுகிறாள்:

"அப்பா, சோறு துவைச்சாச்சு, சாப்பிட வாங்க!"