என் கணவரின் நெஞ்சை நான் உடைத்த கதை

எங்கள் ஊரில் எதைக் கேட்டாலும் செராமிக்கில் செய்து கொடுத்துவிடுவார்கள். கேட்காவிட்டாலும் செய்து கொடுத்துவிடுவார்கள். சிகரெட் பிடிக்காதவருக்குச் சாம்பல் கிண்ணம், பூ வாங்காத வீட்டுக்குப் பூ ஜாடி என்று விருத்தாசலத்தில் கல்யாணம் செய்துகொண்ட யாரும் இதிலிருந்து தப்பியதில்லை. இது தெரிந்திருந்தும் என் மாமனாரிடம் வாயைத் திறந்து ஒரு பொம்மை கேட்டேன். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. நான் சொல்லாவிட்டால் மற்றவர்கள் இன்னும் மோசமாகச் சொல்கிறார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருஷங்கள். புதுச்சேரியில் நர்சிங் முடித்து, கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் வேலையும் பார்த்துவிட்டு, கல்யாணமாகி இங்கே வந்திருந்தேன். (உலகத்தையே நான்தான் பிழைக்க வைக்கிறேன் என்ற நினைப்பு வேறு.) மாமாவுக்குச் சொந்தமாகப் பொம்மைப் பட்டறை. வீட்டுக்குப் பின்னாலேயே சூளை. அவருக்கு ஏற்கெனவே ஒரு தடவை ஹார்ட் அட்டாக் வந்து போயிருந்தது. டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னதால், சூளைக்கு முன்னால் நிற்பதை விட்டுவிட்டு, அதே இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அந்த நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அடுத்த அட்டாக்கின் நினைப்புதான் வரும். பட்டறையில் லோடு ஏற்றுகிறவர் ஒருவர் வெயிலில் மயங்கி விழுந்ததைப் பார்த்திருந்தேன். ஆளாளுக்கு அவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். ஒருவர் முகத்தில் சோடா அடித்தார். வெறும் மயக்கம் என்பதால் எழுந்துவிட்டார். மாமாவின் இதயமே நின்றுபோனால்? சாவி கொடுத்தால் ஓடுவதற்கு அது என்ன கடிகாரமா? போன் செய்தால் ஆம்புலன்ஸ் ஓடி வருகிற காலமும் இல்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை யாராவது விடாமல் நெஞ்சை அமுக்கினால்தான் உண்டு. பட்டறையில் இருக்கிற எல்லோருக்கும் அதைக் கற்றுக்கொடுத்துவிடுவது என்று கிளம்பினேன்.

அமுக்கிப் பழக ஒரு பொம்மை வேண்டும், வெளியூரிலிருந்து வரவழைக்கலாமா என்று மாமாவிடம் கேட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

“பொம்மைய வெளியிலேர்ந்து வாங்குறதா? அதுவும் நம்ம வூட்டுக்கா?”

“அமுக்குனா நெஞ்சு உள்ள போயி மேல வரணும் மாமா. செராமிக் வராது.”

“வர மாதிரி செஞ்சாப் போச்சு. எப்புடி வேணும்னு மட்டும் சொல்லு.”

சொன்னேன். நெஞ்சு இருக்கும் இடத்தில் பெரிய ஓட்டையாக விட்டுவிடுங்கள், நான் ஸ்பாஞ்ச் வைத்து நிரப்பிக்கொள்கிறேன் என்றேன். அப்போது அது எனக்கு அறிவாளித்தனமாகத் தோன்றியது.

ஆளுயர அச்சு எடுக்க ஓர் ஆள் வேண்டுமே. என் கணவரைச் சட்டையைக் கழற்றிப் படுக்கவைத்து, ஒட்டாமல் இருக்கச் சோப்புக் கரைசலைத் தடவி, பிளாஸ்டரை ஊற்றினார்கள். அவருக்கு நெஞ்சு முழுக்க முடி. கரைசல் எல்லா இடத்திலும் படவில்லை போலிருக்கிறது. அச்சைப் பிரித்தபோது அவர் போட்ட சத்தத்துக்குப் பக்கத்துப் பட்டறையிலிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்கு ராத்திரி அவர் தனியாகப் பாய் போட்டுப் படுத்துக்கொண்டார்.

பொம்மை வெந்து வந்தது. தலையும் உடம்புமாக அச்சு அசல் என் கணவர். நெஞ்சில் மட்டும் ஓட்டை. ஸ்பாஞ்சை வெட்டி மாமாவிடம் கொடுத்துவிட்டு, மற்ற ஏற்பாடுகளில் இறங்கினேன். பயிற்சி நாளன்று காலையில் போய்ப் பார்த்தால், பொம்மை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கழுத்துவரை பட்டன் மாட்டி, பெஞ்சில் படுத்திருந்தது. அத்தையின் வேலை.

“பத்துப் பேர் வர எடத்துல எம் புள்ளய அம்மணமாவா படுக்க வைக்கிறது?”

நியாயம்தானே என்று விட்டுவிட்டேன். அந்தப் பட்டனைக் கழற்றிப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது.

பட்டறை ஆட்கள் எல்லோரும் வந்தார்கள். தலைமை தாங்க, கடைத்தெருவில் கிளினிக் வைத்திருந்த வயதான டாக்டர் ஒருவரை அழைத்திருந்தேன். நான் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு பேசினேன். (கோட்டு தேவையே இல்லை. இருந்தாலும் மாட்டிக்கொண்டேன்.) ஆள் விழுந்தால் தட்டிக் கூப்பிட்டுப் பாருங்கள், மூச்சு இல்லையென்றால் சாவி தேடாதீர்கள், நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்து, அதன்மேல் இன்னொரு கையை வைத்து, முழங்கை மடங்காமல் உடம்பின் பாரத்தையே இறக்குங்கள் என்று முழங்கினேன். “பயப்படாம அமுக்கணும். இப்ப பாருங்க” என்று சொல்லிவிட்டு, என் பாரத்தை இறக்கினேன்.

படார் என்று ஒரு சத்தம். என் கை மணிக்கட்டுவரை என் கணவருக்குள் போய்விட்டது. தலை கழன்று, பெஞ்சிலிருந்து உருண்டு, டாக்டரின் செருப்பருகே போய் நின்றது.

எல்லோரும் பொம்மையைப் பார்த்தார்கள், பிறகு ஓரமாக நின்றிருந்த என் கணவரைப் பார்த்தார்கள். மாமா மெதுவாக என் அருகில் வந்தார்.

“ஸ்பாஞ்சு வெளிய தெரிஞ்சுது, பாக்க நல்லாவே இல்லம்மா. ஓட்டயோட ஒரு சாமான் நம்ம பட்டறைய வுட்டுப் போனதில்ல. அதான் மேல பிளாஸ்டர் பூசி, பெயிண்ட் அடிச்சு வுட்டேன்.”

டாக்டர் கையிலிருந்த டீயைக் குடித்து முடித்தார். “நெஞ்சு அமுக்குறப்ப எலும்பு ஒண்ணு ரெண்டு ஒடையும்னு நாங்களே சொல்லுவோம். இந்த அளவுக்கு இல்லம்மா” என்றார்.

அத்தை மகனுடைய தலையை முந்தானையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பிறகு உயிரோடு இருந்த மகனையும் கூப்பிட்டு, தலைக்கு ஊற்றி, பூசணிக்காய் சுற்றி உடைத்தார். என் கையில் ஏழெட்டு இடத்தில் கீறல். கட்டுப் போட்டுவிடக்கூட நாதி இல்லை.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. இரண்டு வருஷம் கழித்து, ஒரு மத்தியானம், மாமா அந்த நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார். ஆட்கள் கூப்பிட நான் அடுப்படியிலிருந்து ஓடினேன். பொம்மைகளுக்கு பினிஷிங் செய்யும் பாக்கியம் அக்கா மாமா பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். சாவி கொடுக்கவில்லை, சோடா அடிக்கவில்லை. சரியாக நெஞ்சின் நடுவில் கை வைத்திருந்தார். ஆனால் ஈரம் காயாத பொம்மையைத் தொடுகிற மாதிரி தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டிருந்தார்.

“அழுத்தி அமுக்குங்கக்கா.”

“ஒடஞ்சிடும் கலா. அன்னிக்குப் பாத்தமே.”

நான் மணிக்கணக்காகப் பேசியதில் அவர்கள் மனதில் நின்றது இது ஒன்றுதான். எனக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை. அக்காவை நகர்த்திவிட்டு அமுக்கினேன். ஆரம்பத்திலேயே மாமாவின் நெஞ்சுக்குள் ஏதோ முறிந்தது. அந்தச் சத்தம் அங்கிருந்த எல்லோருக்கும் கேட்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. பொம்மை அடுக்கும் வைக்கோல் மேல் மாமாவைக் கிடத்தி, டெம்போவில் ஆஸ்பத்திரிவரை அமுக்கிக்கொண்டே போனேன். கை ஓய்ந்தபோது, “எப்புடின்னு சொல்லு, நான் அமுக்குறேன்” என்று பாக்கியம் அக்கா மாற்றிக்கொண்டார். இந்த முறை அழுத்தித்தான் அமுக்கினார். ஆஸ்பத்திரியில் ஷாக் கொடுத்து மாமாவை மீட்டார்கள்.

விலா எலும்பு முறிவோடு வீட்டுக்கு வந்தவரைப் பார்க்க ஊரே ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தது. இதயத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

“மொதல்ல எம் புள்ள நெஞ்ச ஒடச்சா. அது ரிகர்சலு. அப்புறம்தான் எங்கிட்ட வந்தா.”

இன்றைக்கும் வீட்டில் எந்த விசேஷமானாலும் புதுச் சம்பந்திகளிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறார். அவர்கள் என் கையைப் பார்க்கிறார்கள். எத்தனை தடவைதான் சிரித்துவைப்பது? எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் தினமும் காலையில் மாமா தும்முவார். தும்மியதும் விலாவைப் பிடித்துக்கொண்டு, “பாவி, எப்புடி ஒடச்சு வச்சிருக்கா பாரு” என்று அத்தையிடம் முறையிடுவார். அதைக் கேட்ட பிறகுதான் நான் எழுந்து அடுப்பைப் பற்ற வைக்கிறேன்.