கிட்னிக்குள் டிஜே

அண்ணனூரில் மைக்செட்டுக்குத் தெரியாமல் ஒரு குழந்தைக்குக் காது குத்த முடியாது. குத்தினாலும் குழந்தை வீறிடுவது யாருக்கும் கேட்காது. அவருடைய ஸ்பீக்கர்தான் கேட்கும். ஸ்டேஷனிலிருந்து எங்கள் தெரு வரை அவருக்குப் பெயரே மைக்செட்டுதான். அவர் வீட்டுக்காரம்மா கூட, "யோவ் மைக்செட்டு, துன்ன வாயா" என்றுதான் கூப்பிடுவார்.

அவருக்கு ரகசியம் பேச வராது. எனக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று ஒரு நாள் காலையில் அவர் காதோடு சொல்லித் தொலைத்தேன். மத்தியானம் ஆவடியிலிருந்து இரண்டு தரகர்கள் வந்து நின்றார்கள்.

அவருடைய ஜென்ம விரோதி டிஜே. கல்யாணத்துக்குக் கல்யாணம் லேப்டாப்போடு வந்து இறங்கிய பையன்கள் அவர் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டார்கள்.

"பட்டன அமுக்கிகினு மண்டைய ஆட்டறதெல்லாம் ஒரு தொழிலா நைனா?" என்று என்னிடம் பொருமுவார்.

இடது விலாவில் அவருக்கு ஒரு வலி இருந்தது. தண்ணீர் நிறையக் குடித்தால் வரும். சிறுநீரகக் கல் என்று தானே முடிவு கட்டி, கரைப்பதற்காக வாழைத்தண்டு ஜூஸைச் சொம்பு சொம்பாகக் குடித்தார். குடிக்கக் குடிக்க வலி, வலிக்க வலிக்க ஜூஸ். ஒரு நாள் ஸ்பீக்கர் பெட்டி மேலேயே சுருண்டுவிட்டார். நானும் அவர் வீட்டுக்காரம்மாவும் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, "கல்லே இல்லைங்க. கிட்னியில இருந்து குழாய் தொடங்குற இடம் பிறவியிலேயே சுருங்கியிருக்கு. சிறுநீர் இறங்க வழியில்லாம கிட்னி வீங்கிப்போச்சு. சின்னதா மூணு நாலு துளை போட்டு, கேமரா விட்டு, சுருங்கின இடத்த வெட்டி எடுத்துட்டுச் சேர்த்துத் தெச்சிடலாம். தள்ளிப்போட்டா இந்தக் கிட்னி போயிடும்" என்றார்.

மைக்செட்டு சமர்த்தாகத் தலையாட்டினார்.

"உள்ள ஒரு டிஜே வைப்போம். ஆறு வாரம் இருக்கும்."

அவ்வளவுதான், எழுந்து நின்றுவிட்டார். "இன்னாம்மா சொல்ற? வெளில என் பொழப்பக் கெடுத்தது பத்தாம வவுத்துக்குள்ளயும் பூரணுமா அவன்? கிட்னி போனா போவட்டும். டிஜே வாணாம்!"

வராண்டாவில் இருந்த அத்தனை நோயாளிகளும் எட்டிப் பார்த்தார்கள். வீட்டுக்காரம்மா அழ ஆரம்பித்தார். நான் டாக்டரம்மாவிடம் மைக்செட்டின் தொழில் தகராறைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மெல்லிய குழாய் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"டிஜேன்னா டபுள் ஜே. ரெண்டு முனையும் ஜே மாதிரி வளைஞ்சிருக்கு பாருங்க. தையல் ஆறுற வரைக்கும் வழி அடைக்காம இது பாத்துக்கும். அப்புறம் எடுத்துடுவோம்."

மைக்செட்டு அதை மேலும் கீழும் பார்த்தார். "சவுண்டு உடுமா?"

"விடாது."

"அப்ப வெச்சிக்க."

வீறாப்பெல்லாம் அதோடு சரி. ஆபரேஷனுக்கு முந்தின நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பேஜாரா கீது நைனா. நீ வெளிய குந்திகினு இரு, இன்னா?" என்றார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. லீவு போட்டேன்.

மறுநாள் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் பாதித் தெரு உட்கார்ந்திருந்தது. வீட்டுக்காரம்மா மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். நர்ஸ் வெளியே வந்து, "தணிகாசலம் கூட வந்தவங்க யாரு?" என்று கேட்டார். ஒருவரும் அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்.

"பாவம், யாரு பெத்த புள்ளயோ. கூட ஒருத்தர் வரல பாரு" என்று எங்கள் இஸ்திரிக்காரர் உச்சுக்கொட்டினார். இப்படியும் ஒரு குடும்பம் இருக்குமா என்று எனக்கும் கோபமாக வந்தது.

நர்ஸ் பொறுமை இழந்தார். "மயக்கத்துல மைக்கு, மைக்குன்னு கத்தறாரே, அவருக்கு யாருமே இல்லையா?"

பதினோரு பேரும் எழுந்தோம்.

"நல்லபடியா முடிஞ்சுது. கிட்னி தப்பிச்சிடும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. சொந்தக்காரங்க ஒருத்தர் மட்டும் உள்ள வரலாம்."

நான் முன்னால் போனேன். நர்ஸ் மறித்து, "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

தூத்துக்குடியிலிருந்து வேலைக்காக வந்து, பக்கத்து வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பவன் என்று சொல்லியிருக்கலாம்.

"தம்பி" என்றேன்.