எந்தத் தண்ணீர் என்று கேட்டவர்கள்

செம்பவள நாட்டில் ஓர் ஆறு ஓடியது. கரையில் மன்னரின் மைத்துனர் சாயப்பட்டறை வைத்திருந்தார். அங்கே அன்றைக்கு என்ன சாயமோ, ஆறும் அதே நிறத்தில் ஓடும். வண்ணமயமான ஆட்சி என்று புலவர்கள் பாடினார்கள். அவர்கள் குடித்தது கிணற்றுத் தண்ணீர்.

அந்நாட்டுச் செவிலியர்களுக்கு ஒரு வழக்கம். யார் வந்தாலும், வலி எங்கே என்பதற்கு முன், "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?" என்பார்கள். உடம்பெல்லாம் தடிப்போடு குழந்தைகள் பிறக்கத் தொடங்கியபோது தலைமைச் செவிலி தனபாக்கியம் கொண்டுவந்த வழக்கம் அது. ஆற்றுத் தண்ணீர் குடித்த கர்ப்பிணிகளை அவள் சுனைத் தண்ணீருக்கு மாற்றினாள். அவர்களுடைய பிள்ளைகள் நல்லபடியாகப் பிறந்தன.

சுகாதார அமைச்சர் கொதித்துப்போனார். "தடிப்பு நோயல்ல, நாட்டின் அடையாளம்" என்று அறிவித்தார். நோயே இல்லாததற்கு மருந்து எதற்கு என்று தடிப்புக்குக் கொடுத்துவந்த களிம்பும் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆணை வந்தது: "செவிலியர் வலியைப் பற்றி விசாரிக்கலாம். தண்ணீரைப் பற்றி விசாரிக்கலாகாது. தண்ணீர் தொழில் அமைச்சகத்தைச் சேர்ந்தது."

கேள்வி நின்றது. கர்ப்பிணிகள் பழையபடி ஆற்றுக்கே போனார்கள். பிள்ளையைப் பறிகொடுத்து வெறுங்கையோடு வீடு திரும்பிய தாய்மார்களை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அப்போது மகாராணி கருவுற்றார். அவரிடம் நீட்டிய குவளையைப் பார்த்து மன்னரே பதறிக் கேட்டுவிட்டார்: "இது எந்தத் தண்ணி?"

தடைசெய்யப்பட்ட கேள்வி அது. அமைச்சர் உடனே சட்டத்தைத் திருத்தினார். அரண்மனை வளாகத்துக்குள் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

மறுநாள் காலை அரண்மனை முற்றம் முழுக்கக் கர்ப்பிணிகள். செவிலியர்கள் வரிசையாக உட்கார்ந்து விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா அக்கிரமம் இது?" என்றார் அமைச்சர்.

"இங்க கேக்கலாம்னு நீங்கதானங்கய்யா சொன்னீங்க?" என்றாள் தனபாக்கியம். பிறகு எதிரே இருந்தவளிடம் திரும்பினாள். "நீ சொல்லு தாயி, எந்தத் தண்ணி?"

"ஆத்துத் தண்ணிதான் நர்சம்மா!"

மாடத்தில் நின்ற மகாராணிக்கு அது நன்றாகவே கேட்டது.

அவசர ஆலோசனை நடந்தது. "ஆற்றைச் சுத்தம் செய்ய நெடுங்காலம் ஆகும் பிரபு. அரண்மனையை மாற்றிவிடுவதே சிக்கனம்" என்றார் அமைச்சர். அப்படியே, சாயம் கலக்காத மேற்பகுதியில், ஆற்றோரமாக எங்கோ அரண்மனை மாற்றப்பட்டது. எங்கே என்பது அரச ரகசியம்.

சட்டத்தை மீறாத செவிலியர்கள் கர்ப்பிணிகளையும் அழைத்துக்கொண்டு, கரையோரமாக மேல்நோக்கி அரண்மனையைத் தேடி நடக்கிறார்கள். போகப் போகக் கூட்டம் பெருகுகிறது. அந்த வழியில் முதலில் வருவது சாயப்பட்டறை.